ஸ்பீக்கரில் ஒலித்த தபேலா கோப்பில் இல்லை: ஒரு பின்னணி இசை மென்பொருள் பற்றிய மதிப்புரை

களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் சபைப் பாடகர் குழு நடத்துகிறவர்களுக்கு டிசம்பர் பிறந்தால் கீபோர்டு வாசிக்க ஆள் பிடிப்பதே பெரும்பாடு. கை தேர்ந்தவர்கள் கேரளக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் கானமேளா என்ற மேடைப் பாட்டுக் கச்சேரிகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்க நாங்கள் விலை கொடுத்து வாங்கியதுதான் இந்த மென்பொருள். பாட்டின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, தாளக் கட்டம் கட்டமாகத் தட்டி, ஒரு ஸ்டைலை, அதாவது தாளமும் வாசிப்பு முறையும் அடங்கிய மாதிரியை, தேர்ந்தெடுத்துவிட்டால், டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் அதுவே வாசித்துவிடும். 1990-இல் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற பின்னணி இசை மென்பொருள் வெளிவந்த காலத்திலிருந்து வளர்ந்துவரும் வகையைச் சேர்ந்த மென்பொருள் இது. நான் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொதுவானவை என்பதால் இதன் பெயரை விட்டுவிடுகிறேன்.

என் கணிப்பு இதுதான்: இசை அமைக்கும் வேலையில் இது நல்ல கருவி, அமைத்த இசையை ஒலிக்கோப்பாக எடுக்கும் வேலையில் விவரம் தெரியாதவரை அலைக்கழிக்கும் கருவி. உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்த அகூஸ்டிக் கிட்டார் ட்ராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்) அருமையாக இருக்கின்றன. பதிவு செய்யப்பட்ட வேகத்திலிருந்து வெகுதூரம் இழுத்தால் மட்டும் ஒலி குழைந்துபோகிறது. மற்ற வாத்தியங்கள் பெரும்பாலும் மிடி வழியாக வருபவை, தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

1983-இல் வந்த மிடி என்பது ஒலியைக் கொண்டுசெல்வதில்லை, எந்தச் சுரத்தை எப்போது எவ்வளவு அழுத்தமாக வாசிக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டுமே கொண்டுசெல்கிறது. அந்தக் கட்டளைக்கு எந்த வாத்தியம் பேச வேண்டும் என்பதை 1991-இல் வந்த ஜெனரல் மிடி 128 எண்களாக வரையறுத்தது. இந்த எண்களைச் சில மென்பொருள்கள் 1 முதல் 128 வரையும், சில 0 முதல் 127 வரையும் காட்டுகின்றன. முதல் முறையில் வயலின் 41, வியோலா 42. அந்த 41-ஐயே, பூஜ்யத்திலிருந்து எண்ணும் சிந்த் (வாத்திய ஒலிகளை எழுப்பும் கருவி அல்லது மென்பொருள்) ஒன்றில் குறித்தபோது, வயலினுக்கு எழுதிய வரி முழுவதும் வியோலாவின் கனத்த குரலில் வந்தது. காது கூர்மையான ஒரு ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடகிதான் முதலில் அதைக் கவனித்தார். எண்ணில் ஒன்றைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

டிரம்ஸ் விஷயம் இதைவிட வேடிக்கையானது. ஜெனரல் மிடியில் கட்டளைகள் போகும் பதினாறு சேனல்களில், அதாவது தனித்தனி வழிகளில், தாளவாத்தியங்களுக்கு உரியது பத்தாம் சேனல். அங்கே ஒவ்வொரு சுரமும் ஒரு தனித் தாளக்கருவி: 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 40 எலெக்ட்ரிக் ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட். டிரம்ஸ் ட்ராக் தவறிப்போய் வேறு சேனலுக்கு மாறினால் அது பியானோவின் கீழ்ச்சுரங்களாகக் குழறத் தொடங்கும். பாடகர்கள் சுருதி உயரம் என்று சொல்ல, டிரம்ஸையும் சேர்த்து எல்லா ட்ராக்குகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கினால், ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் பேஸ் டிரம்மும் ஹை-ஹாட் விழ வேண்டிய இடத்தில் ஸ்னேரும் விழுகின்றன. சுருதி மாற்றும்போது டிரம்ஸை விலக்கிவைக்கும் வசதி இதில் உண்டு, ஆனால் அமைப்புப் பட்டியலின் மூன்றாம் அடுக்கில் அதை ஏன் ஒளித்துவைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஜெனரல் மிடிப் பட்டியலில் சிதார், ஷெனாய் இரண்டும் உண்டு, தபேலாவோ மிருதங்கமோ இல்லை. தபேலா வேண்டுமானால் வாத்திய ஒலிப்பதிவுகள் அடங்கிய சவுண்ட்ஃபான்ட் கோப்பு ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதில் எந்தச் சுரத்தில் எந்தத் தபேலாச் சொல் (அடியின் ஒலி) இருக்கிறது என்பது கோப்புக்குக் கோப்பு மாறும் என்பதால், கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வாத்தியம் மட்டும் ஊமையாக இருந்தால், மியூட் ஆகியிருக்கிறதா என்றும், வேறொரு ட்ராக் சோலோவில் (அது மட்டும் ஒலிக்கும் நிலையில்) நிற்கிறதா என்றும், அந்த ட்ராக்கின் மிடி வெளியீடு முன்பு செருகியிருந்து இப்போது கழற்றிவிட்ட யுஎஸ்பி கீபோர்டையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்களுக்கு அநேகமாக எப்போதும் கடைசிக் காரணம்தான். மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் துணை மென்பொருளான பிளக்-இன் பட்டியலிலேயே வரவில்லை என்றால், அது 32-பிட்டாகவும் மென்பொருள் 64-பிட்டாகவும் இருக்கக்கூடும்.

இனி ஒலிக்கோப்பு. "அண்ணே, ஸ்பீக்கர்ல கேக்குது, பென் டிரைவ்ல தபேலா இல்லியே" என்று எங்கள் குழுத் தம்பி ஒருவர் ஒத்திகைக்கு நடுவே வந்து சொன்ன பிறகுதான் இதன் மூலகாரணத்தைத் தேடினோம். மென்பொருளுக்கு உள்ளே இயங்கும் பிளக்-இன் சிந்த் எழுப்பும் ஒலி கோப்புக்குள் போகும். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த், வெளியே இயங்கும் சவுண்ட்ஃபான்ட் பிளேயர், கம்பியில் இணைந்த கீபோர்டு ஆகியவை எழுப்பும் ஒலி நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடுவதால், வேகமாகக் கோப்பு எழுதும் முறையில் அது மென்பொருளின் கைக்கே வருவதில்லை. தபேலாவை உள்ளிருக்கும் சவுண்ட்ஃபான்ட் பிளக்-இன்னுக்கு மாற்றினோம், கோப்பிலும் வந்தது. ஒரு ட்ராக்கின் ஒலி கோப்பில் சேராது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு வரியைக்கூட இந்த மென்பொருள் காட்டாததை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

சாம்பிள் ரேட்டையும், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதையும், கவனிக்க வேண்டும். மென்பொருள் 44,100-இலும் கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் 48,000-இலும் நின்று, இடையில் மாற்றிக்கொடுக்க எதுவும் இல்லாமல் போனால், நான்கு நிமிடப் பாட்டு சுமார் மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடிந்துவிடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். உச்சத்தில் பாடும் சோப்ரானோக்களுக்கு அது தண்டனை. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துவிட்டுக் கோப்பு எடுப்பதே நல்லது.

ஒலி கரகரத்தால் மாஸ்டர் அளவை மூன்று முதல் ஆறு டெசிபல் வரை இறக்கிவிட்டு மீண்டும் எடுத்தால் போதும். கடைசிக் கார்டின் ரீங்காரம் வெட்டுப்பட்டால், முடிவில் இரண்டு வெற்றுக் கட்டங்களைச் சேர்க்கலாம். குரலை வேறொரு மென்பொருளில் பதிந்து சேர்ப்பதாக இருந்தால் எம்பி3 வேண்டாம். அதன் தொடக்கத்தில் சேரும் சிறு மௌனம் தாளத்தைப் பின்னுக்குத் தள்ளும். 16-பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும், இன்றைக்கு அது ஒரு பாரமல்ல. இன்னொன்று, நம் சபைகளின் மிக்ஸர்கள் பல இடம் வலம் பிரிக்காமல் மோனோவில் ஓடுபவை. ஹெட்ஃபோனில் அகலமாகப் பரந்து கேட்ட ஸ்ட்ரிங்ஸ் அங்கே மெலிந்துபோகக்கூடும் என்பதால் மோனோவிலும் ஒருமுறை கேட்டுப்பார்க்க வேண்டும்.

ஸ்டைல்களில் நான்கும் மூன்றும் ஆறும் தாராளமாக உள்ளன. ஏழு எண்ணிக்கைக்கு, அதாவது நம் மிஸ்ர சாபுக்கு, பொருந்தும் ஸ்டைல் எதுவும் கிடைக்கவில்லை. நான்கையும் மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டங்களில் வைத்து ஒப்பேற்றினால் டிரம்ஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுகிறது. கீர்த்தனைகளை மட்டுமே பாடும் குழுக்கள் இதை வாங்கத் தேவையில்லை.

வாங்க நினைப்பவர்கள் இலவச முன்னோட்டப் பதிப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அதில் ஒலிக்கோப்பு எடுக்கும் வசதியையே பூட்டிவைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடிவதற்குள், நீங்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு ஒன்றை எல்லா வாத்தியங்களோடும் முழுமையாகக் கோப்பாக்கி, சபையின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டுவிடுங்கள்.