தோற்று வந்தவர்களுக்கு ஒரு பாக்சிங் பயிற்சி: காசு எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பெரிய தோல்வி வாங்கி வருகிறவர்களுக்கென்றே தனியாக 12 வாரப் பயிற்சி நடத்துகிற பாக்சிங் கூடம் ஒன்று சேலத்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை, விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். கீழே கூடத்தில் நடப்பது தரம். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிற 4 நாள்தான் வெட்டிச் செலவு.

முதல் மாதம் யாரும் யாரையும் அடிப்பதில்லை. இதுதான் இந்த இடத்தின் பெரிய பலம். தலையில் அடி வாங்கி மேட்ச் நின்றிருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் ரிங் பக்கமே விடமாட்டார்கள். அமெச்சூர் விதிப்படி குறைந்தது 30 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் இரண்டு முறை என்றால் 90 நாள், 12 மாதத்தில் மூன்று முறை என்றால் ஒரு வருஷம். ஸ்பாரிங்குக்கும் (பயிற்சியில் ஆளோடு ஆள் மோதுவது) இதே தடைதான். பல இடங்களில் இதை மேட்சுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டு, பத்தாம் நாளே பையனை இறக்கிவிடுகிறார்கள். “ஹெட்கார்டு போட்டிருக்கான்ல” என்று ஒரு சமாதானம் வேறு. ஹெட்கார்டு என்கிற தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலேதான் ஆடினார்கள். இங்கே முதலில் நடை, பிறகு சைக்கிள், ஸ்கிப்பிங், ஷேடோ (காற்றில் குத்துவது), பேக் (தொங்கும் பையைக் குத்துவது), கடைசியில்தான் ஸ்பாரிங். ஒரு நாளைக்கு ஒரு படிக்கு மேல் ஏற்றுவதில்லை. தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது வீடியோ. தோற்ற மேட்சைப் போட்டு, விழுந்த அடியைக் கோச் திரும்பத் திரும்பக் காட்டுவதில்லை. அதற்கு முந்தைய 2 விநாடியைத்தான் காட்டுகிறார். பெரும்பாலும் சிக்குவது ஒரே தப்பு: ஜேப் (நேராக நீட்டும் குத்து) விட்ட இடது கை கன்னத்துக்குத் திரும்பாமல் மார்புக்கு இறங்கி வருகிறது, கூடவே தாடையும் தூக்குகிறது. அந்தச் சந்தில்தான் எதிராளியின் வலது கை நுழைகிறது. இதற்கு டென்னிஸ் பந்து வைத்தியம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பந்தை இடுக்கிக்கொண்டு 3 நிமிஷ ரவுண்டு முழுக்க ஜேப் மட்டும். பந்து விழுந்தால் ரவுண்டு முதலிலிருந்து. கை தாழ்ந்து திரும்பினால் கோச் கையில் மாட்டியிருக்கும் பேட் காதோரம் லேசாகத் தட்டும். பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நாலாவது ரவுண்டில் கழுத்து கழன்றுவிடும்.

தோற்ற பெரிய ஹெவிவெயிட் பாக்சர்கள் எழுந்ததும் இப்படித்தான். லெனாக்ஸ் லூயிஸ் 1994இல் ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். பிறகு மெக்காலின் கோச்சாக நின்ற இமானுவேல் ஸ்டூவர்டையே தன் கோச்சாக எடுத்துக்கொண்டார். 2003, 2004 என்று அடுத்தடுத்து நாக் அவுட்டில் தோற்ற விளாதிமிர் கிளிச்கோவும் அதே ஸ்டூவர்டிடம் ஜேப்பையும் எதிராளியைக் கட்டிப்பிடித்து நிறுத்துவதையும் ஒழுங்கு செய்துகொண்டு, 2015 வரை அசையவில்லை. ஆன்டனி ஜோஷுவா 2019இல் ரூயிஸிடம் தோற்றபோது எடை 112 கிலோ. அதே வருஷம் டிசம்பரில் சுமார் 108 கிலோவில் வந்து ஓடி ஓடியே ஜெயித்தார். ஜெயித்த மிதப்பில் இருந்த ரூயிஸோ சுமார் 122இலிருந்து 129க்கு ஏறியிருந்தார். எடைக் கணக்கு எழுதும் நோட்டை இந்தக் கூடத்தில் கறாராகப் பார்க்கிறார்கள். தட்டுவடை செட் (சேலத்து மாலை நொறுக்குத்தீனி) கடைப் பக்கம் போனவர் மறுநாள் தராசில் மாட்டிக்கொள்வார்.

பழிதீர்க்கிற அவசரத்துக்கும் இங்கே இடமில்லை. முதல் மேட்ச் அதே எதிராளியோடு வைப்பதில்லை. அலி 1971இல் ஃப்ரேசியரிடம் தோற்றார். திருப்பிக் கொடுத்தது 1974 ஜனவரியில்தான்.

இனி ஏற்காடு. “மேலே காற்று குறைச்சல், ரத்தம் ஏறும்” என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் 4 நாளில் ரத்தத்தில் ஒன்றும் மாறாது. அதற்கு 2,000 மீட்டருக்கு மேல் மூன்று வாரமாவது தங்க வேண்டும். உயரம் மருந்தல்ல, ஆனால் தயாராகாமல் போனவனைக் கவிழ்க்கும். 2001இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் உயரத்தில் இருக்கிற பிராக்பனுக்கு லூயிஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானிடம் விழுந்தார். நவம்பரில் அவரையே நாலாவது ரவுண்டில் சாய்த்தது அவ்வளவு உயரமில்லாத லாஸ் வேகாசில்.

மலை ஓட்டம் காலுக்கு நல்லதுதான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறியதோடு விடாமல் ஓடியே இறங்கவும் சொல்கிறார்கள். முழங்காலும் அதற்குக் கீழே காலின் முன்னெலும்பும் கெடுவது இறக்கத்தில்தான். வளைவில் எதிரே பஸ் வருவது கடைசி நிமிஷத்தில்தான் தெரியும், அது வேறு. அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு ஏறிவிட்டு பஸ்ஸில் திரும்பினாலே போதும். அதற்கு முகாம் எதற்கு?

கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் கிளவ்ஸ் இன்னொரு குறை. 16 அவுன்ஸ் என்று போட்டிருக்கும். முட்டிப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு செத்துப்போய் எலும்பு தட்டுப்படும். கிளவ்ஸும் 180 இஞ்ச் ஹேண்ட் ராப்பும் (கையில் சுற்றும் துணிப்பட்டை) சொந்தமாகக் கொண்டுபோங்கள். சேரும்போதே ஏற்காடு வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்டால் கட்டணத்தில் அந்தத் தொகையைக் குறைத்துவிடுகிறார்கள்.