பிளாட் பந்தய நாளுக்கு ரேஸ் கார்ட்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பின்னேரம் புக்கிக் கடைப் பக்கம் போனால், குதிரையின் பெயரையும் விலையையும் (வென்றால் போட்ட காசுக்கு எத்தனை மடங்கு இலாபம் என்ற விகிதம்) மட்டும் பார்த்துவிட்டுத் துண்டு எழுதுகிறவர்களே அதிகம். அதே பந்தயங்களின் முழு ரேஸ் கார்ட் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஓட்டங்கள், சுமக்கும் நிறை, ஸ்டோல் இலக்கம் (குதிரை புறப்படும் கூண்டின் இலக்கம்), தரை, ஜொக்கி, பயிற்றுநர் எல்லாம் அதில் இருக்கின்றன. பிரித்தானிய பிளாட் பந்தயங்களுக்கு (தடை தாண்டாமல் ஓடுபவை) அந்தக் கார்டைப் பல சீசன்களாகப் பாவித்து வந்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: வெல்ல வாய்ப்பில்லாத குதிரைகளைக் கழிப்பதற்குக் கார்ட் மிக நல்லது, வெல்லும் குதிரையைச் சுட்டிக் காட்டுவதில் அவ்வளவு நல்லதில்லை. கார்டின் அடியில் வரும் ‘இன்றைய தெரிவு’ வரியை மட்டும் வாசிப்பவருக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. அதை எல்லோரும் வாசித்திருப்பார்கள், விலையும் அதற்குள் இறங்கியிருக்கும்.

நேரக் கணக்கு முதலில். கார்டில் இருப்பது பிரித்தானிய நேரம். அவர்களுடைய கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கூட்ட வேண்டும். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். 1.50 பந்தயம் யூலையில் நமக்கு மாலை 6.20, டிசம்பரில் இரவு 7.20. பிளாட் பந்தயங்களில் ஓடும் குதிரைகளை இரண்டு நாள் முன்னரே, அங்கே காலை 10 மணிக்கு உறுதி செய்துவிடுவார்கள். ஆகவே முந்தின நாள் பின்னேரமே கார்டை ஆறுதலாக வாசிக்கலாம். பந்தயத்துக்கு அரை மணித்தியாலம் முன் கடை வாசலில் நின்று வாசிப்பது வாசிப்பே இல்லை. மாரி மழையில் கரண்டும் சிக்னலும் போகிற ஊர் நமது என்பதால், கார்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பதும் நல்லது.

ஒரு சனிக்கிழமைக்கு நாலைந்து மைதானங்கள், முப்பதுக்கு மேல் பந்தயங்கள். அவ்வளவையும் படிக்க முயன்றால் ஒன்றும் வடிவாகப் படிபடாது. மூன்று அல்லது நான்கு போதும். முதலில் கழிக்க வேண்டியவை, இரண்டு வயதுக் குதிரைகளில் பாதி முதன்முதலாக ஓடும் பந்தயங்கள். படிப்பதற்கு அங்கே பழைய ஓட்டமே இல்லை. அடுத்து, இருபதுக்கு மேல் குதிரைகள் ஓடும் 5, 6 ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் மைலில் எட்டில் ஒன்று) ஹேண்டிகேப், அதாவது நல்ல குதிரைக்குக் கூடுதல் நிறை ஏற்றிச் சமப்படுத்தும் பந்தயம். நேர்ப்பாதையில் குதிரைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரு கரையிலும் ஓடும்போது, எந்தக் கரைத் தரை வேகமானது என்பதை முந்தின நாள் யாராலும் சொல்ல முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு குதிரைகள், 7 முதல் 12 ஃபர்லாங் வரையான தூரம், ஒவ்வொன்றும் ஆறு தடவைக்கு மேல் ஓடியவை என்றால் கார்ட் தன் முழுப் பயனைத் தரும்.

பிறகு தரை. இறுக்கமான ஃபர்ம் தொடங்கி குட் டு ஃபர்ம், குட், குட் டு சொஃப்ட், சொஃப்ட், ஹெவி வரை போகும். பெரும்போக வயலில் இரும்புச் சில்லுப் பூட்டிய உழவு இயந்திரமும் தார் றோட்டுச் சில்லோடு வந்ததும் ஒன்றாகப் போகாது, குதிரைகளும் அப்படித்தான். இங்கே பலரும் விடும் பிழை, அந்தத் தரையில் வென்றதா என்று மட்டும் பார்ப்பது. எத்தனை லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) பின்னால் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சொஃப்டில் மூன்று முறை ஓடி மூன்றிலும் பதினைந்து லெங்த்துக்கு மேல் பின்தங்கிய குதிரையை, மழை பெய்த நாளில் யோசிக்காமல் வெட்டிவிடலாம். சொஃப்டில் வெல்லாவிட்டாலும் ஒன்றரை லெங்த்துக்குள் வந்து கொண்டிருக்கும் குதிரை மிஞ்ச வேண்டியது. தரை அறிக்கை பந்தய நாள் காலையில் புதுப்பிக்கப்படும், நமக்கு அது மதிய நேரம். அதை ஒருக்கா பார்க்காமல் முந்தின நாள் தெரிவை வைத்துக்கொண்டிருப்பதால் வீணாகும் உழைப்பு அதிகம்.

புல்லில்லாத செயற்கைத் தரையிலும் வகை உண்டு. வுல்வர்ஹாம்ப்டன், நியூகாசில், சவுத்வெல் மூன்றும் டபெட்டா. கெம்ப்டன், லிங்ஃபீல்ட், செம்ஸ்ஃபோர்ட் மூன்றும் பொலிட்ரக். சவுத்வெல் 2021இல்தான் டபெட்டாவுக்கு மாறியது, அதற்கு முன் ஃபைபர்சேண்ட். அதனால் அங்கே அந்த ஆண்டுக்கு முந்தின ஓட்டங்களை இன்றைய கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘இந்த மைதானத்தில் வென்றது’ என்ற சி அடையாளம் தரை மாறியதைச் சொல்லாது.

ஸ்டோல் இலக்கத்தைப் பொறுத்தவரை எல்லா மைதானத்துக்கும் ஒரே விதி கிடையாது, ஆனால் சில இடங்களில் அதுவே பந்தயத்தைத் தீர்மானிக்கும். செஸ்டர் அதற்கு நல்ல உதாரணம். ஒரு சுற்று ஒரு மைலுக்குச் சற்றே கூட, பெரும்பகுதி இடப்பக்க வளைவு, கடைசி நேர்ப்பாதை ஒரு ஃபர்லாங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 5 ஃபர்லாங்கில் வெளி ஸ்டோலில் இருந்து வரும் குதிரை வளைவு முழுக்க மற்றவற்றைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பின்வாங்கி உள்ளே வந்து அடைபட வேண்டும். அங்கே இரட்டை இலக்க ஸ்டோலில் உள்ள ஃபேவரிட் (ஆகக் குறைந்த விலையுள்ள குதிரை) எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த விலைக்கு எடுபடாது. பெவர்லியின் 5 ஃபர்லாங்கிலும் சிறிய இலக்கங்களுக்குச் சாதகம். நியூமார்க்கெட்டின் நேர் மைலில் இதே கவலை தேவையில்லை. எந்தப் பக்கம் வேகமாக ஓடும் குதிரைகள் கூடுதலாக இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

கார்டின் மிகச் செழிப்பான பகுதி நிறையும் ரேட்டிங்கும் (குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் புள்ளி). 9-7 என்று போட்டிருந்தால் ஒன்பது ஸ்டோன் ஏழு இறாத்தல். ஒரு ஸ்டோன் 14 இறாத்தல், ஆக 133 இறாத்தல். ஹேண்டிகேப்பில் ரேட்டிங் ஒரு புள்ளி கூடினால் நிறையும் ஒரு இறாத்தல் கூடும். இதை லெங்த்தாக மாற்றத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு லெங்த் என்பது 5 ஃபர்லாங்கில் ஏறத்தாழ 3 இறாத்தல், 6இல் இரண்டரை, ஒரு மைலில் 2, 12 ஃபர்லாங்கில் ஒன்றரை. சம நிறையில் 6 ஃபர்லாங் ஓடி, ஒன்று மற்றதை 2 லெங்த்தால் வென்றது என்று வைப்போம். அந்த வித்தியாசம் 5 இறாத்தல். இன்று மீண்டும் சந்திக்கும்போது வென்றது 7 இறாத்தல் கூடச் சுமந்தால், தோற்றது காகிதத்தில் 2 இறாத்தல் முன்னால். விலை மட்டும் பழைய வெற்றியை வைத்தே போடப்பட்டிருந்தால், பார்க்க வேண்டிய குதிரை எது என்பது தெளிவு.

புதிய ரேட்டிங் செவ்வாய்க்கிழமைகளில் வரும். 70இல் ஓடி சனிக்கிழமை வென்ற குதிரையை 79க்கு ஏற்றுகிறார்கள். ஆனால் அது முன்னரே பதிவான அடுத்த பந்தயத்தில் வென்றதற்கான 6 இறாத்தல் தண்டத்தோடு (மேலதிக நிறை) மட்டும் ஓடினால், உண்மையில் 76இல் ஓடுகிறது. 3 இறாத்தல் மிச்சம். இதைக் கார்ட் ஒரு சின்ன எண்ணாகக் காட்டும், அதைத் தேடிப் பார்க்க வேண்டும். பயிலுநர் ஜொக்கிக்கான சலுகையையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்: 20 வெற்றி வரை 7 இறாத்தல், 50 வரை 5, 95 வரை 3. 7 இறாத்தல் கழிகிறதே என்று மட்டும் சந்தோசப்படக் கூடாது. எப்சம் போல இறக்கமும் திருப்பமும் உள்ள மைதானத்தில் அனுபவமில்லாத கை அதைவிடக் கூடுதலாக இழக்கலாம்.

எண்களுக்கு அடியில் ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிக் குறிப்பு இருக்கும். அதை வாசிப்பவர்கள் குறைவு, ஆனால் கார்டில் தவறவிடவே கூடாத பகுதி அதுதான். ஒரு குதிரையின் கடைசி ஓட்டம் 7ஆம் இடம் என்றால் விலை ஏறியிருக்கும். குறிப்பில் ‘ஹேம்பர்ட்’ (இடையூறுபட்டது) அல்லது ‘நொட் கிளியர் ரன்’ (ஓட வழி கிடைக்கவில்லை) என்று இருந்தால், அந்த 7 வேறு 7. ‘லெட்’ (முன்னணியில் ஓடியது) என்று அடிக்கடி வரும் குதிரைகளை ஒரு பந்தயத்துக்குள் எண்ணிப் பாருங்கள். முன்னே ஓட விரும்புவது ஒன்றே ஒன்றானால் அது தன் வேகத்தில் ஓடிக் கடைசிவரை பலம் வைத்திருக்கும். நாலு இருந்தால் ஒன்றையொன்று எரித்துவிடும். அப்போது ‘ஹெல்ட் அப்’ (தொடக்கத்தில் பின்னால் அடக்கி ஓட்டப்படும்) குதிரைகளுக்கு வாய்ப்பு.

ஏமாற்றும் பகுதிகளும் உண்டு. பயிற்றுநரின் இரண்டு வாரச் சதவீதம் பளபளப்பாகத் தெரியும்; நாலு ஓட்டத்தில் இரண்டு வெற்றி என்றால் அது 50 சதவீதம், அதில் ஒரு பொருளும் இல்லை. பிளிங்கர்ஸ் (பக்கப் பார்வையை மறைக்கும் கண் மறைப்பு) முதல் தடவை போடும்போது கவனிக்கலாம், ஆறாவது தடவைக்கு அது செய்தி அல்ல. மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான முதல் ஓட்டம் 2018 முதல் கார்டில் குறிக்கப்படுகிறது, அது பயனுள்ளது.

கழித்து மிஞ்சிய மூன்று நாலு குதிரைகளுக்கு விலையைப் பார்க்காமல் நீங்களே சதவீதம் போடுங்கள், கழித்தவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கி மொத்தம் 100 வரட்டும். பிறகே விலை. 3/1 (1 ரூபா போட்டால் 3 ரூபா இலாபம்) என்றால் 25 சதவீதம், 6/4 என்றால் 40. ஆறு குதிரைப் பந்தயத்தில் 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 12/1 என்று விலை இருந்தால், கூட்டினால் 111.4 வரும். எல்லாவற்றுக்கும் அந்த விகிதத்தில் 111.40 ரூபா போட்டால் எது வென்றாலும் திரும்புவது 100 ரூபாதான். ஃபேவரிட்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெல்லும் என்பது உண்மை. கண்ணை மூடிக்கொண்டு அவற்றிலேயே போட்டாலும் காலப்போக்கில் காசு கரைவது இந்த 11.4 போன்ற மேலதிகத்தால்தான். உங்கள் கணக்கில் 30 சதவீதம், விலை 3/1 என்றால் அது தெரிவு. விலை 2/1 என்றால், வெல்லும் என்று எவ்வளவு நம்பினாலும் தெரிவில்லை. இப்படிப் பார்த்தால் பல நாட்களில் ஒரு பந்தயமும் மிஞ்சாது. அதைக் கார்டின் குறையாக எடுக்கக் கூடாது.

கடைக்குப் போக முன் விலகிய குதிரைகளின் பட்டியலைப் பார்க்கவும். வெற்றியோடு பிளேஸும் (முதல் சில இடங்களுக்குள் வருவது) சேர்த்துப் போடும் ஈச்-வேயில், 8 குதிரை ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு விலை. ஒன்று விலகி 7 ஆனால் இரண்டு இடத்துக்கு மட்டும், நான்கில் ஒரு பங்கு. சரியாக 8 ஓடும் பந்தயத்தில் முந்தின இரவு மூன்றாம் இடத்தை நம்பிப் போட்ட கணக்கு இதில்தான் கவிழும். விலகியது 2/1 குதிரையானால், முன்கூட்டியே விலை பிடித்தவரின் இலாபத்தில் நூற்றுக்கு 30 வெட்டப்படும். 14/1க்கு மேல் என்றால் வெட்டு இல்லை. இவை பிரித்தானிய வழமை. நமது கடைகளில் கொடுப்பனவு உச்சவரம்பும் பிளேஸ் விதியும் கடைக்குக் கடை வேறுபடலாம் என்பதால், சுவரில் உள்ள விதிப் பலகையை வாசித்துவிட்டே துண்டை எழுதுங்கள்.