கல்லடிக் காற்றை நம்பிக் கட்டிய வீட்டில் ஒன்பது ஆண்டுகள்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வளவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. பகலில் கடற்காற்று, இரவில் தரைக்காற்று. இருபக்கமும் யன்னல் வைத்தால் போதும் என்று நம்பித்தான் 2016இல் இந்த வீட்டைக் கட்டினோம். குளிரூட்டி வாங்கவில்லை, அதற்காக வருந்தியதும் இல்லை. ஆனால் குடிவந்த முதல் மாதமே அம்மாவின் அறை எங்களைக் கைவிட்டது.

அந்த அறைக்குக் கடலைப் பார்த்து இரண்டு பெரிய யன்னல்கள். வெளியே தென்னோலைகள் ஆடும். உள்ளே அம்மா வியர்த்துப்போய் இருப்பார். ஒருநாள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி யன்னலோரம் வைத்தேன். புகை நாலடி உள்ளே வந்து அங்கேயே சுழன்றது. வெளியேற வழியில்லாததால் காற்று நுழையவும் இல்லை. கூடத்தை நோக்கிய எதிர்ச்சுவரில், கதவுக்கு மேலே, இரண்டடி உயரத்துக்கு உடைத்து மரச்சட்டங்கள் போட்டோம். மறுபடி ஊதுபத்தி வைத்தேன். புகை அறையைக் குறுக்கே கடந்து, கூடத்தில் மேலெழுந்து, முகட்டோரத் துளைக்கற்கள் வழியே போய்விட்டது. சூடான காற்று மேலே போகும் என்பதால் அசைவே இல்லாத சித்திரை இரவுகளிலும் அந்த உயரத் துளைகள் கொஞ்சம் உதவுகின்றன. கொஞ்சம்தான், அந்த இரவுகளில் மின்விசிறி வேண்டும். வீடு கட்டப்போகிறவர்கள் யன்னல்களை எண்ணுவதோடு நிற்காதீர்கள்; காற்று எங்கே வெளியேறும் என்று ஒவ்வோர் அறைக்கும் வரைபடத்திலேயே கேளுங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது வேறு கணக்கு. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலைநாட்டைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று, உலர்ந்து சூடேறி நம்மிடம் வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அதையும் உள்ளே விட்டோம். மாலையில் சுவரைத் தொட்டால் சுடும். இப்போது காலை ஒன்பது மணிக்கே மேற்கு யன்னல்களை அடைத்துவிடுகிறோம். இருட்டி, வெளியே வெக்கை தணிந்ததும் எல்லாவற்றையும் திறந்து, விடியும்வரை சுவர்களை ஆறவிடுகிறோம். காற்றோட்டத்துக்காகக் கட்டும் வீட்டுக்குத்தான் இறுக மூடும் யன்னல் மிக அவசியம் என்பேன்.

வாடைக்காலச் சாரல் முகட்டுத் துளைகளால் புகுந்து கூடத்தை நனைத்தது. கூரை மூன்றரை அடி நீண்டிருந்தும் போதவில்லை. வெளிப்புறம் கீழ்நோக்கிச் சாய்ந்த பலகைகள் பொருத்திய பிறகே நின்றது. இரும்புப் பிணைச்சல்களை உப்புக்காற்று மூன்றே ஆண்டில் தின்றுவிட்டது; பித்தளைக்கு மாறினோம்.

நுளம்பு வலையை யன்னலில் அடித்தால் காற்றில் பெரும்பங்கு தடைப்படுகிறது. டெங்கு உள்ள ஊரில் வலையில்லாமலும் இருக்க முடியாது. அதனால் யன்னல்களில் இருந்ததைக் கழற்றிவிட்டு விறாந்தை முழுவதையும் வலையால் அடைத்தோம். பரப்பு பெரிதென்பதால் காற்று தாராளமாக வருகிறது. செய்த மாற்றங்களிலேயே செலவுக்கு மிகுந்த பலன் தந்தது இதுதான். அம்மா பகலில் அங்கேதான் படுக்கிறார்.

குசினி மட்டும் இன்னும் சரியாகவில்லை. மேற்கே வைத்துவிட்டதால் இரவுச் சமையலின் புகை தரைக்காற்றோடு வீட்டுக்குள்ளேயே வருகிறது. அடுப்புக்கு நேர்மேலே புகைபோக்கி வைக்க மேசனிடம் பேசியிருக்கிறேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.