நுஞ்சாக்கு சங்கிலியைக் குறைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

என் மகனின் வலப் புருவத்தின் மேல் மூன்று தையல்கள் இருக்கின்றன. காயத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. சேலம் பழைய பேருந்து நிலையப் பக்கம் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்துகொடுத்த வேலைதான் இதற்குக் காரணம். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மகளுக்கு 11 வயது. அஸ்தம்பட்டியில் கராத்தே கற்கிறாள். இந்த ஆண்டு நுஞ்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரண்டு குட்டைக் கட்டைகள்; ஒன்றைப் பிடித்து மற்றதைச் சுழற்றுவார்கள்) தொடங்கியதும், உறவினர் ஒருவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். பெரியவர்கள் சுழற்றுவது அது. சங்கிலிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அதன் குறுக்கே சங்கிலியைப் போட்டால், இரண்டு கட்டைகளும் கையின் இரு ஓரங்களையும் ஒட்டி நேராகத் தொங்க வேண்டும். குட்டையாக இருந்தால் கட்டை கையைச் சுற்றித் திரும்பாது. நீளமாக இருந்தால் சுழற்சி கட்டுக்கு அடங்காமல் முழங்கையில் வந்து அடிக்கும். மகளின் சிறிய கையில் போட்டபோது, இருபுறமும் சங்கிலி இரண்டு விரல் அளவுக்கு இறங்கித் தொங்கியது. "இப்படியே விடாதீர்கள் சார், பக்கத்துக்கு இரண்டு கண்ணியாவது எடுத்தாக வேண்டும்" என்றார் மாஸ்டர்.

"பக்கத்துக்கு" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். தினமும் செய்கிற வேலைதான், அரை மணி நேரத்தில் வாருங்கள் என்றார். திரும்பிப் போனபோது நீளம் சரியாக இருந்தது. ஆனால் சங்கிலியின் நடுவில் கறுப்பு ரப்பர் உறை ஒன்றை மாட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கை வழுக்காமல் இருக்க, சார்." சங்கிலியின் நடுவைப் பிடித்து யார் சுழற்றுகிறார்கள் என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். ரசீது கேட்டதற்கு, இவ்வளவு சின்ன வேலைக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் மாலை மொட்டைமாடியில் மகள் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். தம்பி படிக்கட்டுக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையில் ஒரு கட்டை மட்டும் இருந்தது. மற்றொன்று போன திசையை யாரும் பார்க்கவில்லை. அவன் அலறிய பிறகுதான் தெரிந்தது. அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. தன்னால்தான் என்று அழுதுகொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளையின் மேல் ஒரு தவறும் இல்லை.

மறுநாள் எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் அதைக் கொண்டுபோனேன். நாள் முழுவதும் கண்ணி கோத்துப் பற்றவைப்பவர் அவர். உறையைக் கத்தியால் கீறியதும் முகம் மாறிவிட்டது. சங்கிலியை நடுவில் வெட்டி, சில கண்ணிகளை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு கம்பி வளையத்தால் இணைத்திருந்தார்கள். குறட்டால் வளைத்த வளையம், வாய் வெறுமனே ஒட்டியிருந்தது. "பற்றாசு இல்லை, வெல்டிங்கும் இல்லை. காலில் போடும் கொலுசுக்கே நாங்கள் வாயைப் பற்றவைக்காமல் கொடுக்க மாட்டோம் தம்பி" என்றார். இப்போதாவது பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். வெள்ளிக்குப் போடும் பற்று இந்த இழுப்பைத் தாங்காது என்று மறுத்துவிட்டார். நேர்மையான மனிதர்.

இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 கிராம் கட்டை, சுமார் 27 சென்டிமீட்டர் ஆரத்தில், நொடிக்கு 3 சுற்று சுற்றினால், அது சங்கிலியை ஏறக்குறைய 2 கிலோ எடை தொங்குவதைப் போல இழுக்கிறது. கட்டையின் எடையைப் போலப் பத்து மடங்கு. வீச்சை வெடுக்கென நிறுத்தும்போது அதற்கு மேலும் ஏறும். வாய் திறந்த வளையம் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்திருக்கிறது. அதைக் கண்ணில் படாமல் மறைத்தது அந்த உறை.

கடைக்குப் போனேன். பிள்ளை தரையில் அடித்திருப்பாள் என்றார் கடைக்காரர். பிறகு, பொருள் எங்களிடம் வாங்கியதே இல்லையே என்றார். ரசீது இல்லாததால் நுகர்வோர் ஆணையத்தில் எதை வைத்து நிரூபிப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரை மட்டும் பதிந்திருக்கிறேன்.

மாஸ்டர் பிறகு சரியான முறையைக் காட்டினார். சங்கிலி முடியும் இடத்தில், கட்டையின் தலையில் சுழலும் மூடி இருக்கிறது. சில வகைகளில் அதிலுள்ள ஊசியைத் தட்டி எடுத்து, கடைசிக் கண்ணிகளைக் கழற்றி, அடுத்த கண்ணியை அதே ஊசியில் மாட்ட வேண்டும். இரு பக்கமும் அதே எண்ணிக்கை. நடுவில் கை வைக்கக் கூடாது, புதிய வளையமும் சேர்க்கக் கூடாது. ஊசி கழலாத வகையாக இருந்தால் குட்டைச் சங்கிலி உள்ள வேறு ஜோடிதான் வாங்க வேண்டும். மகளுக்கு இப்போது பஞ்சுறை போட்ட, கயிறு கோத்த ஜோடி வாங்கியிருக்கிறோம். கயிற்றின் நீளத்தை முடிச்சை மாற்றியே சரிசெய்யலாம்.

சேலத்தில் எங்கேயாவது சங்கிலியைக் குறைத்து வாங்கியிருந்தால், அதன் நடுவில் ரப்பர் உறையோ டேப்போ இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். இருந்தால் கீறி எடுங்கள். உள்ளே வாய் ஒட்டாத வளையம் தெரிந்தால், பிள்ளைகளிடம் அதைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.