முன்முற்றத்தில் கார்: எந்த ஊர் விதி சரி?

வீட்டு முன்முற்றத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஓர் உள்ளாட்சி விதி போட்டதும், “என் இடம், என் வண்டி, இவர்கள் யார் கேட்க?” என்று சண்டை தொடங்கிவிடுகிறது. அந்த விதி எதைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தெருவின் அழகையா, மழைநீரையா, நடைபாதையில் போகிறவர்களையா? ஒவ்வோர் ஊரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொள்வதால் விதிகளும் வெவ்வேறாக இருக்கின்றன.

அமெரிக்காவின் பல நகரங்களில் இருப்பது நேரடித் தடை. தளம் போட்ட வண்டிப்பாதையில் நிறுத்தலாம், புல்தரையில் ஏற்றினால் அபராதம். தெருவில் நின்று பார்த்தாலே மீறல் தெரிந்துவிடும் என்பதால் அமல்படுத்துவது எளிது. காரணமும் நியாயமானதுதான். கார் தினமும் ஏறி இறங்கும் புல்தரையைப் பாருங்கள்: இரண்டு சக்கரத் தடங்களிலும் மண் இறுகிப்போய், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் குட்டையாக நிற்கும்; எஞ்சினுக்கு நேர் கீழே எண்ணெய் சொட்டிய கறுப்பு வட்டம். ஆனால் புல்லில் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னால், புல்லையே எடுத்துவிட்டு முற்றம் முழுக்க சிமெண்ட் போட ஒரு வழி திறந்துவிடுகிறது. தளத்துக்கும் அளவு வைக்காத தடை, காப்பாற்ற நினைத்ததையே அழித்துவிடும்.

இங்கிலாந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2007 கோடையில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2008 அக்டோபரில் விதியை மாற்றினார்கள். முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, வழியும் நீரைத் தெருவுக்கே விடுவதானால் உள்ளாட்சியிடம் திட்ட அனுமதி (planning permission) வாங்க வேண்டும். நீர் ஊடுருவும் தளமோ, வழியும் நீரைச் சொந்தச் செடிப்பாத்திக்குத் திருப்பும் தளமோ என்றால் வேண்டாம். இந்த விதி காரைப் பற்றிப் பேசுவதே இல்லை, தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்வி முக்கியம். ஒரு கார் நிற்க 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர் என்று வைத்தால் சுமார் 11.5 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு அதிலிருந்து 230 லிட்டர் வழியும். ஒரு வீட்டுக்கு இது பெரிதில்லை, ஆனால் தெரு முழுக்கச் சேர்ந்தால் வடிகால் தாங்காது. குறையும் உண்டு: நீர் ஊடுருவும் கற்களின் இடுக்குகளில் வண்டல் அடைத்துவிட்டால் அதுவும் சிமெண்ட் மாதிரிதான். அப்பப்போ சுத்தம் செய்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

சான் ஃபிரான்சிஸ்கோ கணக்கு வைக்கிறது: முன்பக்கக் காலி இடத்தில் குறைந்தது 20 சதவீதம் செடி, 50 சதவீதம் நீர் இறங்கும் பரப்பு. டேப் வைத்து அளந்தால் முடிந்தது.

கனடாவின் டொராண்டோவில் முன்முற்றத்தில் நிறுத்த உரிமம் வாங்க வேண்டும். இது அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் முற்றத்துக்குள் கார் நுழைய நடைபாதை விளிம்பைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்திய இடத்துக்கு எதிரே தெருவில் வேறு யாரும் வண்டி நிறுத்த முடியாது. நமக்கு ஓர் இடம் கிடைக்கும்போது தெருவுக்கு ஓர் இடம் போகிறது, நடந்து போகிறவர் முற்றத்திலிருந்து பின்னோக்கி வெளியே வரும் காருக்காக நிற்க வேண்டியிருக்கிறது. பொது இடத்தை எடுக்கிறவர் அனுமதி கேட்பது சரிதான்.

நான் தேர்ந்தெடுத்தால் இங்கிலாந்தின் கேள்வியும் சான் ஃபிரான்சிஸ்கோவின் அளவும் சேர்ந்த விதியைத்தான் எடுப்பேன். விளிம்பைத் தாழ்த்துவதற்குத் தனி அனுமதி. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு அந்த அனுமதி தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும், வாசல்வரை கார் வருவது அவர்களுக்கு வசதி மட்டுமில்லை. அப்புறம், முழுத் தளமே தேவையில்லை. சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள் போட்டால் போதும். தளம் சரிபாதியாகிவிடும், நடுவில் புல் வளரும்.