“4கே ரீஸ்டோர்” என்று நம்பி 1,899 ரூபாய் போன கதை

அறுபதுகளின் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களை ப்ளூ ரேயில் தேடிச் சேர்க்கிற ஆளா நீங்கள்? அடுத்த டிஸ்க்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படத்தின் பெயரைச் சொன்னால் விற்றவர் யாரென்று தெரிந்துவிடும். புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் இரண்டையும் சொல்லப்போவதில்லை.

இணையத்தில்தான் பார்த்தேன். “ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து 4கே ரீஸ்டோர், 5.1 ஒலி, லிமிடெட் எடிஷன்” என்று போட்டிருந்தார்கள். அதாவது கேமராவில் ஓடிய பிலிமையே மிகத் துல்லியமாக ஸ்கேன் செய்து சுத்தம் பண்ணி, ஒலியை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்திருக்கிறார்களாம். விலை 1,899 ரூபாய், கூரியர் தனி. கூடவே நான்கு ஸ்டில்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலக் கூர்மையாக. அவை படத்திலிருந்து எடுத்தவையே அல்ல, படப்பிடிப்பின்போது புகைப்படக்காரர் எடுத்த ஸ்டில்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தபோது போய்ப் பார்த்தவன் நான். இந்தப் படத்துக்கும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று நம்பிவிட்டேன்.

டிஸ்க் வந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் இருந்தார். சும்மா பெரியப்பா இல்லை, ஒரு காலத்தில் சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவர். டிவியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

“என்னப்பா, எல்லார் மூஞ்சியும் மெழுகு பொம்மை மாதிரி இருக்கு?” என்றார்.

எனக்கும் அதுதான் பட்டது, ஆனால் 1,899 ரூபாய் கொடுத்தவன் உடனே ஒத்துக்கொள்வானா? “பழைய படம் பெரியப்பா, சுத்தம் பண்ணியிருக்காங்க” என்றேன். அப்புறம் கதாநாயகியின் கொண்டைப்பூ வரவேண்டிய ஒரு குளோசப்பில் பூவும் இல்லை, நெற்றியில் பாதியும் இல்லை. அந்தக் காலத்துப் படம் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுத்தது, 4:3. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973-ல், ‘ராஜராஜ சோழன்’ படத்தில்தான். இவர்கள் அகல டிவியை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு படத்தை வெட்டிவிட்டார்கள். வலது மேல் மூலையில், எந்தக் காட்சி வந்தாலும், ஈரத்துணியால் துடைத்தமாதிரி ஒரு மங்கல். டிவி சேனல் லோகோவை அழித்த இடம் அது.

சரி, இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. கண்ணுக்குத் தெரியாததைப் பிடித்தவர் பெரியப்பா. இரண்டாவது பாட்டு வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சுருதி ஏறியிருக்கே” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தின் தொடக்கத்துக்குப் போய் சென்சார் சர்ட்டிபிகேட்டில் நிறுத்தச் சொன்னார். எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. நல்லவேளை, பிலிமின் நீளத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: 4,389 மீட்டர்.

“அடிக்கணக்கில் 14,400. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 160 நிமிஷம் வரணும். உன் டிஸ்க் எவ்வளவு காட்டுது?”

153 நிமிடம், சில்லறை வினாடி. அட்டையிலோ 160 என்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

ஒரு பாட்டை வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எல்லாப் பாட்டும் இருந்தது. காட்சி எதுவும் போகவில்லை. அப்படியானால் ஆறு நிமிடம் எங்கே போனது? படம் வினாடிக்கு 24 பிரேமில் எடுத்தது. நம் ஊர் பழைய டிவி முறையில் வினாடிக்கு 25. அந்தக் காலத்தில் டெலிசினியில், அதாவது பிலிமை வீடியோவாக மாற்றும் கருவியில், படத்தை டேப்புக்கு ஏற்றும்போது 24-ஐ 25 ஆக்கி ஓட்டிவிடுவார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாகும், குரலும் வாத்தியமும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். 160-ஐ 25-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கிப் பாருங்கள், 153.6 வரும்.

ஆக, இந்த டிஸ்க்குக்காக யாரும் நெகட்டிவைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. சேனலுக்கு ஏற்றிய பழைய டேப் எதையோ எடுத்து, 576 கோடுகள் உள்ள படத்தை 1080-க்கு இழுத்து, இழுத்ததில் தெரிந்த பிசிறை மென்பொருளால் வழித்திருக்கிறார்கள். மெழுகு முகம் அந்த வழிப்பில் வந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது இன்னொரு அடி: டிஸ்க்கே தொழிற்சாலையில் அச்சடித்ததல்ல. பிடி-ஆர், அதாவது யாரோ மேசையில் உட்கார்ந்து பர்ன் பண்ணியது. 25 ஜிபி இடத்தில் படம் வெறும் 6 ஜிபி.

ஒலியைப் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், வந்த படத்தை 5.1 ஆக்குகிறேன் என்று வாசல்மணிச் சத்தத்தைப் பின்பக்க ஸ்பீக்கருக்குத் தள்ளியிருக்கிறார்கள். பழைய மோனோ ஒலியைத் தேர்ந்தெடுக்க வழியே வைக்கவில்லை.

இதில் நம் பக்கத் தவறும் கொஞ்சம் உண்டு. பழைய படத்தில் பிலிமின் கிரெயின், அதாவது பிலிமுக்கே உரிய நுண்புள்ளிகள், தெரிந்தால் “புள்ளி புள்ளியா இருக்கு, என்ன ஹெச்டி” என்று திட்டுகிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தக் கிரெயினில்தான் படத்தின் நுணுக்கமே இருக்கிறது. அதை வழித்தால் புருவமும் புடவை நெசவும் சேர்ந்தே போகும். ஹாலிவுட்டிலும் இது நடந்திருக்கிறது. ‘பிரிடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூ ரே இந்த மெழுகுப் பூச்சுக்காகவே பெயர் கெட்டது. ‘ஸ்பார்டகஸ்’ 2010-ல் வந்த ப்ளூ ரேயும் அப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2015-ல் திரும்ப ஸ்கேன் செய்து புது டிஸ்க் போட்டார்கள்.

நெகட்டிவ் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முதலான மூன்று அபு படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றின் தீயில் கருகின. கருகியதை இத்தாலியின் பொலோனியாவில் இழைஇழையாகப் பிரித்து ஸ்கேன் செய்தார்கள், தேறாத இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள், 2015-ல் மூன்று படங்களும் வெளிவந்தன. எந்தப் பகுதி எதிலிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். டேப்தான் மிச்சம் என்றால் “டேப்பிலிருந்து” என்று அட்டையில் போட்டு 200 ரூபாய்க்கு விற்கட்டும், நானே முதலில் வாங்குவேன். கீறல் இருக்கட்டும், ரீல் மாறும் இடத்தில் துள்ளட்டும்.

வாங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதை ஸ்கேன் செய்தீர்கள், எங்கே? உண்மையாகவே வேலை செய்தவர்கள் லேப் பெயரோடு பெருமையாகச் சொல்வார்கள். “டிஜிட்டலி ரீமாஸ்டர்டு” என்ற சொல்லுக்கு ஒரு பொருளும் கிடையாது. 4கே என்பதும் ஸ்கேன் செய்த அளவைத்தான் சொல்ல முடியும், சாதாரண ப்ளூ ரேயில் இருப்பது அதிகபட்சம் 1920 × 1080. விளம்பர ஸ்டில்லை நம்பாமல், ஓடுகிற படத்திலிருந்து ஒரு நிமிடத் துண்டு கேளுங்கள். 1973-க்கு முந்தைய தமிழ்ப் படம் அகலத்திரையை முழுக்க நிரப்பினால் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். படம் ஓடும் நேரத்தை டிஸ்க் காட்டுகிறபடி எழுதித் தரச் சொல்லுங்கள், அட்டையில் இருக்கிறபடி வேண்டாம்.

திருப்பி அனுப்பக் கேட்டேன். “சீல் உடைத்துவிட்டீர்கள், எடுக்க முடியாது” என்றார்கள். சீல் உடைக்காமல் எப்படிப் படம் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, “உங்கள் டிவி செட்டிங்கைச் சரிபார்க்கவும்” என்று ஒரு வரி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். விளம்பரப் பக்கத்தின் படம், சர்ட்டிபிகேட்டின் படம், டிஸ்க் காட்டிய 153 நிமிடம், பிடி-ஆர் என்று தெரிகிற திரை, எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்தது தற்செயல், ஆனால் அதுதான் இப்போது கைகொடுக்கிறது. நான் புகார் செய்த மறுநாளே அங்கே “ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து” என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள்.

அதே டிஸ்க் இன்னும் அதே விலைக்கு இருக்கிறது. இப்போது “கலெக்டர்ஸ் எடிஷன்” என்று பெயர்.