மூங்கில் சைக்கிளின் சணல் மூட்டுகள்: 6 வருடம், 14,000 கிலோமீட்டர்

மூங்கில் சைக்கிள் என்றதும் எல்லாரும் மூங்கிலைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். "தாங்குமா?" என்று ஒரு கேள்வி. மூங்கிலைப் பற்றி எனக்குக் கவலையே வந்ததில்லை. இது கல் மூங்கில், லத்தி செய்கிற ஜாதி. என் பயமெல்லாம் மூட்டுகளில்தான். மூங்கிலுக்கு வெல்டிங் வைக்க முடியாது. கழிகள் சேரும் இடத்தில் சணல் நாரை எபாக்ஸி என்ற பிசினில் நனைத்துச் சுற்றுகிறோம், காய்ந்ததும் அதுதான் மூட்டு. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் பார்த்துவிட்டு, "இரும்பு உடைஞ்சா வெல்டிங் வெச்சுத் தருவேன் தம்பி, இது உடைஞ்சா நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார்.

2019 ஜூனில் கட்டி முடித்தேன். வீட்டிலிருந்து பட்டறைக்கு நாலரை கிலோமீட்டர், போக வர ஒன்பது. அவ்வப்போது பேரூர் வரை ஒரு சுற்று. கோவையின் சாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடையுமே, அந்தச் சோர்வுதான் இங்கே விஷயம். இடது கால் மிதிக்கும்போது, பெடல் அச்சு உட்காரும் பிபி (பாட்டம் பிராக்கெட்) மூட்டு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், வலது கால் மிதித்தால் மறுபக்கம். மணிக்கு 20 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 70 சுற்று என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 210 சுற்று. 14,000 கிலோமீட்டருக்கு 29 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஆய்வகத்தில் பத்து லட்சம் சுற்றே பெரிய எண்தான். ஆனால் அங்கே சோதனைத் துண்டை இழுக்கும் விசை, என் கால் கொடுப்பதைப்போலப் பல மடங்கு. அதனால் நான் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

முதல் மூட்டுகளைக் கெடுத்தது நான்தான். கடையில் கிடைத்த சணல் கயிற்றை அப்படியே சுற்றினேன். ஏழு மாதத்தில் பின்பக்க மூட்டு ஒன்று ஒவ்வொரு மிதிக்கும் கிரீச்சென்றது. கத்தியால் கீறிப் பார்த்தால், உள்ளே கயிறு வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே காய்ந்து கிடக்கிறது. பிசின் மேல்தோலோடு நின்றுவிட்டது. இரண்டு காரணம்: முறுக்கிய கயிற்றுக்குள் பிசின் இறங்காது, அப்புறம் ஆலையில் நாரை மென்மையாக்கத் தெளிக்கும் எண்ணெய். எண்ணெய் இருக்கும் இடத்தில் எபாக்ஸி எப்படி ஒட்டும்?

எல்லா மூட்டையும் அறுத்தெடுத்துவிட்டு, முறுக்காத நாரை வாங்கிச் சீப்பால் வாரி, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டேன். அது போதவில்லை. சாதாரண நாளிலேயே சணல் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு ஓர் இரவு வைத்து, காலையில் சூடு ஆறியதும் சுற்றினேன். மேலே பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டி, குண்டூசியால் அங்கங்கே குத்தினால் மிச்சப் பிசின் தேன் மாதிரி வடியும்.

பட்டறையில், நுண்ணிய அசைவையும் அளக்கும் டயல் கேஜ் இருப்பதால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெடலில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டு, பிபி பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது. புதிதில் 2.1 மில்லிமீட்டர். மூன்று மாதத்தில் 2.4. அடடா, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அங்கேயே நின்றது, ஒன்றரை வருடத்துக்கு அசையவில்லை. இது தாவர நாரின் குணம்தான். கண்ணாடி நார் பலத்தில் மேலே தொடங்கும், சுற்று ஏற ஏற வேகமாக இறங்கும். தாவர நார் கீழே தொடங்கி மெதுவாகச் சரியும். ஆளிச் செடி நாரில் செய்த சோதனைகளில், முதலில் கொஞ்சம் இளகிவிட்டு, பிறகு விறைப்பு லேசாகக் கூடியதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். நாருக்குள் சுருளாக ஓடும் நுண்ணிழைகள் இழுவிசையின் திசைக்குத் திரும்பிக்கொள்வதுதான் காரணம் என்கிறார்கள்.

2021 நவம்பர் மழை அந்தக் கதையை மாற்றியது. இரண்டு வாரம் வண்டி நனைந்தபடியே இருந்தது. அளந்தால் 3.1. பிப்ரவரியில் காய்ந்த பிறகு 2.7, அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை. நார் ஊறிப் பருத்து, காய்ந்து சுருங்கும்போது பிசினிலிருந்து பிரிகிறது. அந்த இடைவெளியில்தான் விரிசல் ஓடும். ஒன்றரை வருட மிதி செய்யாததை இரண்டு வாரத் தண்ணீர் செய்துவிட்டது. தண்ணீர் எங்கே புகுந்தது தெரியுமா? அழகுக்காக நான் அரம் போட்டுத் தேய்த்த இடத்தில். அறுபட்ட ஒவ்வொரு நாரும் உள்ளே துளை உள்ள ஒரு குட்டி உறிஞ்சுகுழல். இப்போது வருடாவருடம் செப்டம்பரில் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட் கட்டாயம்.

வெயிலும் கவனிக்க வேண்டியதுதான். அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். மூட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்காதீர்கள்.

குழிகளில் வரும் அந்த நறநற அதிர்வு கைக்கு ஏறுவதில்லை, இது நிஜமான சுகம். முன் ஃபோர்க் மட்டும் இரும்பு, அதில் விஷப்பரீட்சை வேண்டாம். இயற்கைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நார் மட்கும், எபாக்ஸி மட்காது. பணத்தில் பெரும்பகுதியை விழுங்கியதும் அதுதான்.

இந்த மூட்டு சொல்லிவிட்டுத்தான் போகும் என்று நம்புகிறேன்: முதலில் இளகும், பிறகு சத்தம் போடும், வெள்ளைக் கோடு விழும். போன ஜனவரியில் பின்சக்கரத்தின் இடது மூட்டில் அப்படி ஒரு கோடு தெரிந்தது. இரு முனையிலும் பென்சிலால் குறித்து, தேதி போட்டேன். 11 மில்லிமீட்டர். மழைக்காலம் முடிந்து போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தேன். 12. அறுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற நார் ஊறிக்கொண்டிருக்கிறது.